முடிவுத் தேதி போடாத வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

போடலாம். ஆனால் முடிவுத் தேதி இல்லை என்பதால் வீடு காலம் முழுக்க உங்களுக்குத்தான் என்றும் நினைக்க வேண்டாம், நாளைக்கே காலி செய்யச் சொல்லிவிடுவார்கள் என்றும் பயப்பட வேண்டாம். தேதி செய்ய வேண்டிய வேலையை இந்த வகை ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம், அதாவது ஒப்பந்தத்தை முடிக்க எவ்வளவு நாள் முன்பே சொல்ல வேண்டும் என்ற காலம், செய்கிறது. அதனால் வாடகைத் தொகை எழுதிய பக்கத்துக்கும் முன்னால் நோட்டீஸ் பற்றிய பத்தியைப் படியுங்கள்.

இது நடக்கும் விதம் எளிது. மாதா மாதம் வாடகை கட்டினால் ஒரு மாதம் ஒரு சுற்று, வாரா வாரம் கட்டினால் ஒரு வாரம் ஒரு சுற்று. யாரும் நோட்டீஸ் தராதவரை ஒரு சுற்று முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்கும். புதுக் கையெழுத்து தேவையில்லை, பழைய நிபந்தனைகளே தொடரும். தேதி போட்ட ஒப்பந்தம் முடிந்த பிறகும் நீங்கள் குடியிருந்து, வீட்டு உரிமையாளரும் மறுக்காமல் வாடகை வாங்கிக்கொண்டிருந்தால், பல நாடுகளில் அதுவும் இப்படி மாறிவிடும். தங்கள் ஒப்பந்தம் இந்த வகைக்கு வந்துவிட்டது என்பது தெரியாமலே இருப்பவர்கள் நிறைய.

நோட்டீஸ் காலம் ஊருக்கு ஊர் வேறு. இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 106இன்படி, ஒப்பந்தமோ உள்ளூர்ச் சட்டமோ வழக்கமோ வேறு மாதிரி சொல்லாதபோது குடியிருப்பு வாடகை மாதாந்திர வாடகையாகக் கொள்ளப்படும். 15 நாள் நோட்டீஸ் போதும். மாநில வாடகைச் சட்டம் இருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் முடிவுத் தேதியில்லாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர் மூன்று மாத நோட்டீஸ் தர வேண்டும். வீட்டு உரிமையாளர் தர வேண்டியதோ, குடியிருப்பவர் வந்து ஐந்து ஆண்டு ஆகியிருந்தால் ஆறு மாதம், எட்டு ஆண்டு ஆகியிருந்தால் ஒன்பது மாதம். அதோடு சட்டம் ஏற்கும் காரணமும் காட்ட வேண்டும். ஸ்காட்லாந்தில் 2017 டிசம்பர் 1 முதல் புதிதாகத் தொடங்கும் தனியார் குடியிருப்பு வாடகைகளுக்குப் பொதுவாக முடிவுத் தேதியே கிடையாது. போகிறவர் 28 நாள் நோட்டீஸ் கொடுத்தால் போதும், வீட்டு உரிமையாளருக்குச் சட்டத்தில் பட்டியலிட்ட காரணம் ஒன்று வேண்டும். ஆகவே உங்கள் ஒப்பந்தத்தில் '30 நாள்' என்று எழுதியிருப்பது மட்டும் கடைசி வார்த்தை அல்ல. சட்டம் தரும் குறைந்தபட்சக் காலத்தை ஒப்பந்தத்தால் குறைக்க முடியாத இடங்கள் உண்டு.

பணம் அதிகம் கைவிட்டுப் போவது நாள் கணக்கில்தான். வாடகைச் சுற்று ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி தொடங்குகிறது, நோட்டீஸ் ஒரு மாதம் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 20 அன்று நோட்டீஸ் கொடுக்கிறீர்கள். கொடுத்த நாளிலிருந்து மட்டும் எண்ணும் விதியானால் ஏப்ரல் 20 வாக்கில் விடுதலை. 'வாடகைச் சுற்றின் கடைசி நாளில்தான் முடியும்' என்ற விதியானால், அந்த ஒரு மாதம் முடிவது ஏப்ரல் 5இல் தொடங்கிய சுற்றுக்குள். எனவே மே 4 வரை வாடகை உங்கள் தலையில். மார்ச் 4க்குள் கொடுத்திருந்தால் ஏப்ரல் 4உடன் முடிந்திருக்கும். இந்தியப் பிரிவு 106இலும் முன்பு சுற்று முடிவில்தான் நோட்டீஸ் முடிய வேண்டும் என்று இருந்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதை நீக்கி, நோட்டீஸ் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ணச் சொல்லிவிட்டது. ஜெர்மனியில் மாதத்தின் மூன்றாவது வேலைநாளுக்குள் நோட்டீஸ் போய்ச் சேர்ந்தால்தான் அந்த மாதம் கணக்கில் வரும். ஒரு நாள் தவறினால் ஒரு மாத வாடகை கூடுதல்.

நாள் எண்ணுவதில் சந்தேகம் இருந்தால் நோட்டீஸில் தேதியை எழுதி, பக்கத்திலேயே 'அல்லது இந்த நோட்டீஸின்படி சட்டப்படி முடியக்கூடிய முதல் நாளில்' என்று சேர்த்துவிடுங்கள். தேதி தப்பாகிப் போனாலும் நோட்டீஸ் முழுவதும் செல்லாமல் போகும் ஆபத்து இதனால் பெருமளவு குறையும்.

நோட்டீஸ் எப்படிப் போகிறது என்பதும் முக்கியம். வாயால் சொன்னது சண்டை வராதவரைக்கும்தான் நோட்டீஸ். ஜெர்மனியில் குடியிருப்பு வாடகையை முடிக்கக் கையெழுத்திட்ட காகிதம் வேண்டும், மின்னஞ்சல் செல்லாது. வேறு இடங்களில் வாட்ஸ்அப் செய்தியைக்கூட ஏற்கலாம். ஆனால் ஒப்பந்தம் 'எழுத்து மூலம்' என்றால் கடிதத்தையே அனுப்புங்கள், சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்திட்ட வீடென்றால் ஒருவர் மட்டும் நோட்டீஸ் கொடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். இங்கிலாந்துச் சட்டப்படி இப்படிப்பட்ட காலமுறை வாடகையில் ஒருவருடைய நோட்டீஸே இருவரின் வாடகையையும் முடித்துவிடக்கூடும். வேறு இடங்களில் எல்லோரும் கையெழுத்துப் போடாத நோட்டீஸ் செல்லாது. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைக் கையெழுத்திடும்போதே எழுதி வாங்கிவிடுவது நல்லது.

நோட்டீஸ் கொடுத்த வீட்டு உரிமையாளருக்கும் ஒரு எச்சரிக்கை. காலக்கெடு முடிந்த பிறகு எதுவும் சொல்லாமல் வழக்கம்போல் வாடகை வாங்கினால், நோட்டீஸைக் கைவிட்டுவிட்டார் என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் கிடைக்கும். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் 'தங்கியிருந்ததற்கான ஈட்டுத்தொகை, புதிய வாடகை அல்ல' என்று ரசீதில் எழுதுங்கள்.

வாடகை உயர்வுதான் இந்த ஒப்பந்தத்தின் பலவீனமான இடம். தேதி போட்ட ஒப்பந்தத்தில் அந்தக் காலம் முடியும்வரை தொகை பெரும்பாலும் மாறாது. இங்கே அந்தப் பூட்டு இல்லை. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை உயர்த்தலாம், அதிகபட்சம் எவ்வளவு, எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் ஆகிய மூன்றும் இல்லாத ஒப்பந்தத்தில், உள்ளூர்ச் சட்டமும் கட்டுப்படுத்தாத இடமாக இருந்தால், நான் கையெழுத்துப் போடச் சொல்ல மாட்டேன். மற்றபடி, வேலை மாற்றம் வரக்கூடியவர்களுக்கு இதுதான் வசதி. பிள்ளைகளின் படிப்பாண்டு முடியும்வரை நகர முடியாதவர்கள் தேதி போட்ட ஒப்பந்தத்தையே கேட்கலாம்.

முன்பணத்தைக் கடைசி மாத வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று நீங்களாகவே முடிவு செய்து வாடகையை நிறுத்த வேண்டாம். ஒப்பந்தம் அனுமதிக்காவிட்டால் அது வாடகை பாக்கி. நல்லபடியாகக் கிளம்ப வேண்டியவர் பாக்கிதாரராகக் கிளம்ப நேரும். வீடு இடையில் விற்கப்பட்டால் ஒப்பந்தம் பொதுவாகப் புது உரிமையாளரோடு தொடரும். முன்பணம் அவரிடம் மாற்றப்பட்டதா என்பதற்கு மட்டும் உடனே எழுத்தில் பதில் வாங்குங்கள்.

காலி செய்யும் நாளில் மின் மீட்டர் காட்டும் அளவையும் ஒவ்வொரு அறையையும் படம் எடுத்துக்கொண்டு, சாவியைக் கொடுத்ததற்குத் தேதியும் கையெழுத்தும் போட்ட ஒரு சீட்டு வாங்குங்கள். சாவி உங்களிடம் இருக்கும் நாளுக்கெல்லாம் வாடகை கேட்க அவர்களுக்கு வழி இருக்கிறது.