ஒரு பச்சை இலைக்குள் எத்தனை பூஞ்சை?

"நோயே இல்லாத இலைக்குள்ளும் பூஞ்சை வாழும் என்கிறார்களே, வெப்பமண்டலக் காட்டுச் செடிகளில் அது எத்தனை வகை இருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம்ப முடியாத அளவுக்கு இருக்கிறது. மத்திய பனாமாவின் தாழ்நிலக் காட்டில் இரண்டே இரண்டு மர இனங்களிலிருந்து 83 இலைகளைப் பறித்துப் பார்த்த ஆய்வு 2000-ல் வெளியானது. ஓர் இலைகூட காலியாக இல்லை. தோற்றத்தை வைத்துப் பிரித்ததில் 418 வகை, அதில் 59 சதவீதம் ஒரே ஒரு முறைதான் கிடைத்தன. எனக்கு 418-ஐ விட இந்த 59தான் பெரிய செய்தி, ஏனென்றால் இன்னும் நாலு இலை பறித்திருந்தால் புதுசாக மேலும் சில வந்திருக்கும் என்று அர்த்தம்.

முதுகலை படிக்கும்போது சில மாதம் இந்த வேலை செய்திருக்கிறேன். இலையைக் கழுவி, ஆல்கஹாலிலும் பிளீச்சிலும் முக்கியெடுத்து மேலே ஒட்டியிருப்பதையெல்லாம் கொன்றுவிட்டு, பொடிச் சதுரங்களாக நறுக்கி, பூஞ்சை வளர்க்கும் ஜெல்லியான அகார் ஊற்றிய தட்டில் வைப்போம். மேற்பரப்பு உண்மையிலேயே சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க, அதே இலையை இன்னொரு தட்டில் அழுத்தி எடுப்போம், அதில் எதுவும் முளைக்கக் கூடாது. சில நாளில் துண்டின் வெட்டிய ஓரத்திலிருந்து நூல் மாதிரி இழை எட்டிப் பார்க்கும். பக்கத்துப் பக்கத்துச் சதுரங்களில் ஒன்று வெள்ளைப் பஞ்சாகவும் இன்னொன்று கரும்பச்சை வெல்வெட்டாகவும் வளர்ந்து நின்றதை முதல்முறை பார்த்த அன்று வீட்டுக்குப் போகவே மனம் வரவில்லை. ஆனால் டிரைக்கோடெர்மா மாதிரி வேகமாக வளரும் பூஞ்சை ஒன்று வந்துவிட்டால் தட்டு முழுக்கப் பரவி மற்றதை மூடிவிடும், தட்டில் வளரவே வளராதவையும் உண்டு, அவற்றை டி.என்.ஏ. வழியாகத்தான் பிடிக்க முடியும். ஆகவே தட்டில் எண்ணுவது எப்போதும் குறைவான கணக்குதான்.

சரி, இவை உள்ளே வருவது எப்படி? சில புல் வகைகளில் விதை வழியாகவே வந்துவிடும். காட்டு மரங்களில் பெரும்பாலும் அப்படியில்லை, தளிர் விரியும்போது அநேகமாகக் காலியாகத்தான் இருக்கும், அப்புறம் காற்றிலும் மழையிலும் வந்து விழும் பூஞ்சையின் நுண்வித்துகள் (ஸ்போர்) முளைத்து உள்ளே நுழையும். அதனால்தான் முற்றிய இலையில் கூட்டம் அதிகம், ஒரே மரத்தில்கூட இலைக்கு இலை வேறு.

செடிக்கு இதனால் லாபமா என்றால், சில சமயம். கொக்கோ நாற்றுகளில் செய்து 2003-ல் வெளியான சோதனையில், இந்தப் பூஞ்சைகள் குடியேறிய இலைகளை பைட்டோப்தோரா என்ற கிருமியால் வரும் நோய் குறைவாகத்தான் சேதப்படுத்தியது. ஆனால் எல்லாமே நண்பர்கள் இல்லை. செடி தளர்ந்தால் நோயாக மாறுபவையும் இருக்கின்றன. ஸைலேரியா போன்ற சில, இலை உதிர்ந்த பிறகு அதை மட்க வைப்பவை, மரத்தில் பச்சையாக இருக்கும்போதே உள்ளே இடம் பிடித்துக் காத்திருக்கும்.