குடியேற்றங்கள் தாய்நாட்டை எதிர்த்து எழுந்ததற்கு வரிச்சுமைதான் காரணமா?

பள்ளியில் அப்படித்தான் படித்தேன், பல ஆண்டுகள் நம்பவும் செய்தேன். அமெரிக்காவின் கதையை நிதானமாகப் படித்தால் அந்தப் பதில் நிற்கவில்லை.

1763இல் ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டனின் கடன் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. அமெரிக்காவில் குடியேறியவர்களும் ஒரு பங்கைச் சுமக்கட்டும் என்று 1765இல் முத்திரை வரி விதித்தார்கள். பத்திரிகை, பத்திரம், சீட்டுக்கட்டு எதுவும் தப்பவில்லை. எதிர்ப்பு வலுக்கவே மறு ஆண்டே ரத்து. ஆனால் ரத்து செய்த கையோடு, எந்த விஷயத்திலும் குடியேற்றங்களுக்குச் சட்டம் போடத் தனக்கு உரிமை உண்டு என்று நாடாளுமன்றம் எழுதி வைத்துக்கொண்டது. வினையை விதைத்தது அந்த வாசகம்தான் என்பேன்.

1773 தேயிலைச் சட்டத்தால் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை விலை குறைந்தது. இருந்தும் டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள். கடத்தல் வணிகர்களின் வயிற்றெரிச்சலும் அதில் கலந்திருந்தது உண்மை. ஆனால் ஊரே சேர்ந்து நின்றதற்குக் காரணம், தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத சபை அந்தத் தேயிலைமேல் வரி வைத்திருந்ததே.

காங்கேயம் பக்கம் எங்கள் ஊரில் மாரியம்மன் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது ஒரு வருடம் வரியைக் குறைத்தார்கள். ஆனால் பூச்சாட்டுக்கு முன் கூடிய கூட்டத்துக்கு எங்கள் வளவு ஆட்களை அழைக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தோடு வாசலில் நின்றவர்களிடம் அப்பாரு, “பணம் மடியிலேயே இருக்கிறது. எங்களைக் கேட்காமல் போட்ட வரிக்கு அவிழ்க்க மாட்டேன்” என்றார். மறு ஆண்டு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். அந்த முறை வரி கூடியிருந்தது; அப்பாரு திண்ணையில் உட்கார்ந்து எண்ணிக் கொடுத்தார்.

லண்டன் யாரையும் அழைத்துப் பேசவில்லை. 1774இல் பாஸ்டன் துறைமுகத்தை மூடியது, மாசசூசெட்ஸ் மக்களின் சுயாட்சியைக் குறைத்தது. நாளை நமக்கும் இதே கதிதான் என்று மற்றக் குடியேற்றங்கள் ஒன்றுகூடின. 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது.

தீரன் சின்னமலையின் போரையும் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்கர்கள் ஆங்கிலேயருக்கு உள்ள உரிமை தங்களுக்கும் வேண்டும் என்றுதான் முதலில் கேட்டார்கள். கொங்குக்கு இங்கிலாந்து என்றைக்குத் தாய்நாடாக இருந்தது? 1799இல் திப்பு வீழ்ந்தபின், பாஸ்டனில் தேயிலையைப் பறிகொடுத்த அதே கம்பெனி இங்கே படையோடு வந்து உட்கார்ந்தது. அதை விரட்டப் போரிட்டவரை 1805இல் சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள்.