வங்கிக்காரர் மருத்துவமனை போர்டில் என்ன கேட்கலாம்?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். எங்கள் ஊரில் 80 படுக்கைகள் உள்ள அறக்கட்டளை மருத்துவமனையில் என்னை அறங்காவலராகச் சேர்த்திருக்கிறார்கள். கூட்டங்களில் வரவு செலவும் புது ஸ்கேன் மெஷினும்தான் பேச்சு. நோயாளிகளின் பாதுகாப்பைப் பற்றி, மருத்துவம் படிக்காத நான் கேள்வி கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேளுங்கள். இங்கிலாந்தின் மிட் ஸ்டாஃபோர்ட்ஷயரில் நடந்தது தெரியுமா? ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் சாப்பாட்டுத் தட்டு நோயாளிக்கு எட்டாத இடத்தில் இருக்கும். நனைந்த விரிப்பிலேயே கிடந்தவர்கள் உண்டு. மணி அடித்தாலும் ஆள் வராது. போர்டோ செலவைக் குறைப்பதிலும் அரசு மருத்துவமனைக்குக் கூடுதல் சுயாட்சி தரும் 'ஃபவுண்டேஷன் டிரஸ்ட்' என்ற தகுதியை வாங்குவதிலும் மும்முரமாக இருந்தது. 2008-இல் அந்தத் தகுதி கிடைத்தும் விட்டது! நோயாளிகளும் ஊழியர்களும் சொன்னதை போர்டு காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று 2013-இல் ராபர்ட் ஃபிரான்சிஸின் விசாரணை அறிக்கை கண்டித்தது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? கட்டிலிலிருந்து விழுந்தவர்கள், மருந்து மாறிப்போனவர்கள், ஆபரேஷனுக்குப் பிறகு புண்ணில் சீழ் வைத்தவர்கள் என்று மாதாமாதம் கணக்கு கேளுங்கள். சதவீதம் வேண்டாம், தலைக்கணக்கு வேண்டும். '0.4 சதவீதம்' என்றால் யாருக்கும் உறைக்காது. 'மூன்று பேர்' என்றால் உறைக்கும். ஒருவேளை 'பூஜ்யம்' என்று சொன்னால்? வாராக்கடனே இல்லை என்று ஒரு கிளை மேலாளர் எழுதினால் நீங்கள் நம்பியிருப்பீர்களா? தவறை எழுதிக்கொடுத்த நர்ஸுக்கு மெமோ கொடுக்கும் இடத்தில் கணக்கு எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும்.

போர்டு கூட்ட நேரத்தில் கால்வாசியாவது தரத்துக்கும் பாதுகாப்புக்கும் ஒதுக்க வேண்டும் என்பது மருத்துவத் தரத்தை மேம்படுத்த உழைக்கும் அமெரிக்காவின் ஐ.எச்.ஐ. (Institute for Healthcare Improvement) அமைப்பு சொல்லும் அளவு. அதையும் வரவு செலவுக்கு முன்னால் வையுங்கள்; கடைசியில் வைத்தால் காபி வந்துவிடும்.

அப்புறம், வார்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். மருந்து அலமாரியில் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் (ஊசி மருந்துக் குப்பி) எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். நீர்க்கச் செய்யாமல் நேரே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடக்கூடிய மருந்து அது. பல இடங்களில் ஊசிக்கான தண்ணீர் ஆம்பூலுக்குப் பக்கத்திலேயே கிடக்கும். இரவு இரண்டு மணிக்கு, தூக்கக் கண்ணோடு பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். பொட்டாசியம் ஆம்பூலைத் தனியே பூட்டி வைக்கச் சொல்ல எம்.பி.பி.எஸ். தேவையில்லை. யாருக்கு எந்த மருந்து என்பதில் மட்டும் தலையிடாதீர்கள், அது டாக்டர் வேலை.

அடுத்த கூட்டத்தில் மினிட்ஸைப் புரட்டி, "போன தடவை சொன்ன பூட்டு போட்டாச்சா?" என்று கேளுங்கள்.