சூரியனுக்குள் சிக்கும் கரும்பொருள்: கேள்வி பதில்

மட்டக்களப்பில் பௌதிகவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். இம்முறை கரும்பொருள் பற்றிய கேள்விகளே அதிகம். ஒளிவிடாமல், தன் ஈர்ப்பால் மட்டும் இருப்பைக் காட்டும் பொருளே அது.

கல்லடி மாணவி: கண்ணுக்குத் தெரியாத துகள் சூரியனுக்குள் எப்படிச் சிக்கும், சேர்?

மகள், தாச்சியின் விளிம்பிலிருந்து ஒரு கண்ணாடிக் குண்டை உருட்டிவிடுங்கள். எதிர்ப் பக்கம் விளிம்புக்குக் கிட்டவரை ஏறும். உள்ளே அரிசிமாவைத் தூவிவிட்டு மீண்டும் உருட்டுங்கள். வேகம் கெட்டு அடியிலேயே கிடந்துவிடும். சூரியனுக்குள் விழும் கரும்பொருள் துகளும் எதிலும் மோதாவிட்டால் மறுபக்கத்தால் போய்விடும். ஓர் ஐதரசன் கருவில் மோதி வேகத்தை இழந்தால் அகப்பட்டுக்கொள்ளும். ஏனென்றால் சூரியப் பரப்பிலிருந்து தப்பவே செக்கனுக்கு 618 கிலோமீற்றர் வேகம் வேண்டும். பிறகு மோதி மோதி மையத்தில் படியும். அங்கே இரண்டு துகள்கள் ஒன்றையொன்று அழித்தால் நியூத்திரினோக்கள், அதாவது எதிலும் எளிதில் மோதாத மிக நுண்ணிய துகள்கள், பிறக்கலாம். அவற்றின் சக்தி வழக்கமான சூரிய நியூத்திரினோக்களின் சக்தியைப் போலப் பல நூறு மடங்கோ அதற்கும் மேலோ இருக்கும். தென்துருவப் பனிக்குள் 2010இல் கட்டி முடித்த ஐஸ்கியூப் என்னும் நியூத்திரினோ உணர்கருவி, சூரியன் இருக்கும் திசையில் அவற்றைத் தேடுகிறது.

மருதமுனை வாசகர்: கரும்பொருள் என்பது கருந்துளையா?

இல்லை. இரண்டையும் குழப்பாதீர்கள்.

அக்கரைப்பற்று வாசகர்: தொலைநோக்கியால் சூரியனைப் பார்த்தால் தெரியுமா?

தெரியாது. தகுந்த வடிகட்டி இல்லாமல் பார்த்தால் கண்பார்வைதான் போகும்.

ஏறாவூர் வாசகர்: கருந்துளை விழுங்கியதுதானே கரும்பொருள்?

மருதமுனைக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

காத்தான்குடி ஆசிரியர்: இத்தனை ஆண்டு தேடியும் ஒன்றும் அகப்படவில்லையே ஐயா, வீண் செலவுதானே?

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெரிய விண்மீன் வெடித்தபின் எஞ்சும் மிக அடர்ந்த மையமான நியூத்திரன் விண்மீனை எடுங்கள். ஆரை ஏறத்தாழ 12 கிலோமீற்றர். நிறையோ சூரியனைவிட அதிகம். மோதும் வாய்ப்பு மிக அற்பமாக இருந்தாலும் அது துகளைப் பிடித்துவிடும். ஒன்றையொன்று அழிக்காத கனத்த துகள்கள் அங்கே குவிந்துகொண்டே போனால், மையம் இடிந்து கருந்துளையாகி விண்மீனையே தின்றுவிடும். (கருந்துளைக்கு இங்கேதான் வேலை, ஏறாவூர்க்காரரே.) ஆனால் பல நூறு கோடி ஆண்டு வயதான பல்சார்கள், அதாவது துடிப்புத் துடிப்பாகக் கதிர் வீசும் நியூத்திரன் விண்மீன்கள், இன்றும் சுழல்கின்றன. ஆகவே நிறை, மோதும் வாய்ப்பு இரண்டிலும் எத்தனையோ சாத்தியங்களை நாம் அடித்துவிட்டோம். அகப்படாததால் கிடைத்த அறிவு இது.

கல்முனை வாசகர்: ஆசிரியர் சொல்வதே சரி. ஈர்ப்பு விதியைத் திருத்தினால் கரும்பொருளே வேண்டாமே?

2006இல் வெளிவந்த புல்லட் கொத்து ஆய்வைப் பாருங்கள். இரண்டு விண்மீன்பேரடைக் கொத்துகள் மோதியதில், சாதாரணப் பொருளின் பெரும்பகுதியான வாயு பின்தங்கி நிற்கிறது. ஈர்ப்போ அதைக் கடந்து பேரடைகளோடு போயிருக்கிறது. வெறும் விதித் திருத்தத்தால் இதை விளக்குவது மிகக் கடினம்.

கல்லடி மாணவி: துகள் மிக இலேசானதென்றால், சேர்?

நல்ல கேள்வி, மகள். புரோத்தனைப் போல ஏறத்தாழ 4 மடங்கு நிறைக்குக் கீழே போனால், சூரியனின் வெப்பமே அதை உதைத்து வெளியேற்றிவிடும். அத்தகைய துகளைத் தேட நியூத்திரன் விண்மீனிடம் போகலாம்.