என்சைம் தூள் வேண்டாம், வைக்கோலுக்கு யூரியா மூட்டம் போடுங்கள்

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் 2 கலப்பின ஜெர்சி மாடுகள் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் நாளுக்கு 8 லிட்டர் கறக்கிறது. 4.2 சதவீதம் இருந்த பால் கொழுப்பு 3.3க்கு இறங்கிவிட்டது, சொசைட்டியில் விலை அடிபடுகிறது. வைக்கோலை மாடு சரியாகத் தின்பதில்லை, 3 கிலோதான் போகிறது. ஈடுகட்ட மாட்டுக்கு 7 கிலோ அடர்தீவனம் வைக்கிறேன். வைக்கோலில் உள்ள ஹெமிசெல்லுலோஸைக் கரைக்கும் என்சைம் என்று கடைக்காரர் ஒரு தூள் தருகிறார், கிலோ 900 ரூபாய். வாங்கலாமா ஐயா?

பதில்: வாங்காதீர்கள். அந்த என்சைம் கோழிக்குப் பயன்படும். கோழி வயிற்றுக்கு நாரைப் பிரிக்கத் தெரியாது. மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதே என்சைமை நாள் முழுக்கச் சுரக்கின்றன. 8 லிட்டர் மாட்டுக்கு அதைக் காசுக்கு விற்பவர் உங்கள் பயத்தைத்தான் விற்கிறார்.

கொழுப்பு ஏன் இறங்கியது என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பால் கொழுப்புக்கு முக்கியமான மூலப்பொருள் அசிட்டிக் அமிலம். நார் புளிக்கும்போதுதான் அது நிறைய உருவாகும். நீங்களோ நாரைக் குறைத்து, மாவு நிறைந்த அடர்தீவனத்தைக் கூட்டிவிட்டீர்கள். அசை போடுவது குறைந்திருக்கும், சாணமும் இளகியிருக்கும், பாருங்கள். உடம்புக்கு ஒன்றரை முதல் 2 கிலோ, அப்புறம் இரண்டரை லிட்டர் பாலுக்கு 1 கிலோ; ஆக ஒரு மாட்டுக்கு 5 கிலோ அடர்தீவனம் போதும். ஒரே நாளில் குறைக்காமல் ஒரு வாரத்தில் இறக்குங்கள்.

இனி வைக்கோல். அதில் கிட்டத்தட்டக் கால் பங்கு ஹெமிசெல்லுலோஸ், அத்தனையும் சர்க்கரைச் சங்கிலி. பந்தலை நினைத்துக்கொள்ளுங்கள்: மூங்கில் செல்லுலோஸ், கட்டிய கயிறு ஹெமிசெல்லுலோஸ், கயிற்றில் பூசிய தார் லிக்னின். புல் இனத்தில் இந்தக் கயிறு சைலோஸ் சர்க்கரையால் ஆன நீண்ட சங்கிலி. அரபினோஸ் கிளைகள் உண்டு. அந்தக் கிளையில் இருக்கும் ஃபெருலிக் அமிலம்தான் தாரோடு முடிச்சுப் போடுகிறது. முடிச்சு அவிழாமல் நுண்ணுயிருக்குக் கயிறும் கிடைக்காது, மூங்கிலும் கிடைக்காது.

அந்த முடிச்சை அம்மோனியா அவிழ்க்கும்; ஈர வைக்கோலில் தெளித்து மூடி வைத்த யூரியா அம்மோனியாவாக மாறும். நான் பார்க்கும் ஒவ்வொருவரிடமும் யூரியா மூட்டம் போடச் சொல்வது இதனால்தான். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 65 லிட்டர் தண்ணீர். யூரியா முழுக்கக் கரைய வேண்டும். அடுக்கடுக்காகப் பரப்பி, பூவாளியால் சீராகத் தெளித்து, மிதித்து அமுக்கி, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாள் விடுங்கள். பிரிக்கும்போது வைக்கோல் பழுப்பேறி மெத்தென்று இருக்கும், நெடி மூக்கில் ஏறும். 3, 4 சதவீதம் இருந்த புரதம் 7க்கு மேல் போகும். மாடும் கூடுதலாகத் தின்னும்.

அன்றன்று வேண்டியதை மட்டும் எடுத்து, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, பழைய வைக்கோலோடு கலந்து பழக்குங்கள். தெளித்த அன்றே போடுவதோ, யூரியாவைக் குடிதண்ணீரில் கலப்பதோ மாட்டைக் கொன்றுவிடும். 6 மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இந்த வைக்கோல் கூடாது.