த்ராட்டில் பாடியை வீட்டிலேயே ராவலாமா? – கார் கேள்வி பதில்

என்னிடம் 2004 மாடல் மாருதி எஸ்டீம் இருக்கிறது. 1.3 பெட்ரோல், கேபிள் ஆக்ஸிலரேட்டர். அப்பா ஓட்டிய வண்டி, விற்க மனம் வரவில்லை. கொஞ்ச நாளாக மிதித்தால் சட்டென்று கிளம்ப மாட்டேன் என்கிறது, முதலில் ஒரு தயக்கம், அப்புறம் திடீரென்று ஒரு துள்ளல். எஞ்சினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் பாடியின் உள்வாயை 2 மி.மீ. பெரிதாக்கி, அந்த வாயைத் திறந்து மூடும் பட்டர்ஃபிளைத் தகட்டின் தண்டைப் பாதியாகத் தேய்த்து, ஸ்க்ரூ தலைகளையும் ராவிவிட்டால் பிக்அப் பிய்த்துக்கொண்டு போகும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். டிரில் மெஷினும் உப்புத்தாளும் கையில் இருக்கின்றன. வீட்டிலேயே செய்துவிடலாமா?
– வாசகர், நாமக்கல்

டிரில் மெஷினை உள்ளே வைத்துவிட்டு ஒரு பழைய டூத் பிரஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டிக்கு வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன், ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், அந்த வாய் உண்மையிலேயே எஞ்சினின் கழுத்தை நெரிக்கிறதா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1.3 லிட்டர் எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது, சிலிண்டர் முழுதாக நிறையாது என்பதையும் சேர்த்துக்கொண்டால், விநாடிக்குச் சுமார் 55 லிட்டர் காற்றை இழுக்கும். வாயின் விட்டம் 48 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் காற்று அதற்குள் விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் போகும். பட்டர்ஃபிளை முழுதாகத் திறந்திருக்கும்போது அந்த வேகத்தில் இழக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் அரை சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். தண்டை மெலிதாக்கி, ஸ்க்ரூ தலையைச் சீவி நீங்கள் மீட்கப்போவது இந்த அரை சதவீதத்தில் ஒரு பங்கு. அதை உங்கள் கால் உணராது.

அப்படியென்றால் வாயைப் பெரிதாக்கியவர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்களா? இல்லை, அவர்கள் உணர்வது நிஜமான ஒன்றைத்தான், ஆனால் அதற்கு வேறு பெயர். 48-ஐ 50 ஆக்கினால் பரப்பு எட்டரை சதவீதம் கூடும், அதனால் மிதி அதே அளவு இறங்கும்போது கொஞ்சம் கூடுதல் காற்று போகும். அதாவது முன்பு 30 சதவீதம் மிதித்து வாங்கியதை இப்போது 28 மிதித்தே வாங்கிவிடுகிறீர்கள், வண்டி துடிப்பாக இருப்பதுபோலத் தெரிகிறது. முழுதாக மிதித்தால் இரண்டும் ஒன்றுதான். பட்டர்ஃபிளையின் திறப்பே சீராக ஏறுவதில்லை என்பதையும் கவனியுங்கள். தோராயமாக, 30 டிகிரி திரும்பினால் வாயில் 13 சதவீதம்தான் திறக்கும், 45-இல் 29, 60-இல் பாதி. ஊருக்குள் நாம் ஓட்டுவதெல்லாம் அந்த முதல் 30 டிகிரிக்குள்தான் என்பதால் அந்த இடத்தில் சின்ன மாற்றம்கூடக் காலுக்குப் பெரிதாகத் தெரியும்.

இப்போது கெடுதலுக்கு வருகிறேன். டிரில்லில் உப்புத்தாளைச் சுற்றி ராவினால் வாய் வட்டமாக இருக்காது, எங்கோ ஓர் இடத்தில் கூடுதலாகத் தின்றுவிடும். பட்டர்ஃபிளைத் தகடோ துல்லியமான வட்டம்கூட இல்லை. சற்றுச் சாய்ந்த நிலையில் மூட வேண்டும் என்பதற்காக இம்மியளவு நீள்வட்டமாக, ஓரம் சரிவாகச் செதுக்கப்பட்டது. சுற்றிலும் 0.1 மி.மீ., ஒரு தலைமுடி கனம், இடைவெளி விழுந்தால் என்ன ஆகும்? 48 மி.மீ. வாயின் சுற்றளவு 151 மி.மீ., ஆகவே கசியும் பரப்பு 15 சதுர மி.மீ. உங்கள் எஞ்சின் ஐடிலில், அதாவது மிதியைத் தொடாமல் சும்மா ஓடிக்கொண்டு, நிற்க மொத்தமாகத் தேவைப்படும் திறப்பே ஏறத்தாழ அவ்வளவுதான்! ஐடிலுக்கான காற்றை அளந்து விடும் ஐடில் வால்வு முழுதாக மூடினாலும் ஆர்பிஎம் இறங்காது, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும். அப்புறம் அந்த வாயைச் சிறிதாக்க வழியே இல்லை, வேறு த்ராட்டில் பாடிதான் தேட வேண்டும்.

இதைவிட எனக்குப் பயம் அந்த இரண்டு சின்ன ஸ்க்ரூக்கள்தான். கம்பெனியில் அவற்றை முறுக்கிய பிறகு பின்முனையைத் தட்டி விரித்துவிடுவார்கள், கழன்று வரவே கூடாது என்பதற்காக. தண்டைத் தேய்க்கிறேன் என்று அந்த விரிந்த முனையை ராவிவிட்டால் அதைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. நண்பர் ஒருவர் இப்படித்தான் ஒரு பட்டறையில் கொடுத்து செய்துகொண்டார். சில வாரங்கள் நன்றாகவே ஓடியது, ஒருநாள் காலையில் எஞ்சினுக்குள் ஆணி டப்பாவைக் குலுக்குவதுபோலச் சத்தம். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். பிஸ்டன் தலை முழுக்கப் பிறை பிறையாகக் குழிகள், ஒரு வால்வு வளைந்திருந்தது, ஸ்க்ரூ ஒரு பட்டாணி அளவுக்கு நசுங்கிப்போய் அங்கேயே கிடந்தது. அந்தச் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

சரி, உங்கள் வண்டியின் தயக்கத்துக்கு வருவோம். நீங்கள் சொல்லும் 'முதலில் தயக்கம், பிறகு துள்ளல்' என்பது அழுக்குப் படிந்த த்ராட்டில் பாடியின் பேச்சு. எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து வரும் எண்ணெய்ப் புகை பட்டர்ஃபிளையின் பின்பக்கத்தில் கறுப்பு வளையமாகப் படிந்து, தகட்டின் ஓரத்தை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். மிதியை லேசாக அழுத்தினால் கேபிள் விறைக்கும், தகடு அசையாது, இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் ஒட்டு விட்டுச் சட்டென்று திறக்கும். அதுதான் துள்ளல்.

எஞ்சின் ஆறிய பிறகு, காற்றோட்டமான இடத்தில், பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ரப்பர் ஹோஸைக் கழற்றும்போதே அதன் மடிப்புகளை விரித்துப் பாருங்கள், இருபது வருட ரப்பரில் வெடிப்பு இருந்தால் ஆச்சரியமில்லை. த்ராட்டில் கிளீனரைத் துணியிலும் பிரஷ்ஷிலும் நனைத்துக்கொண்டு, கையால் தகட்டைத் திறந்து பிடித்து, முன்பக்கம், பின்பக்கம், ஓரம், வாயில் தகடு வந்து உட்காரும் அந்தக் கோடு என்று எல்லாவற்றையும் துடையுங்கள். நேரடியாகப் பீய்ச்சி அடித்தால் அது தண்டு வழியாகப் தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று அளக்கும் பொசிஷன் சென்சாருக்குள் இறங்கிவிடும். கத்தி, உப்புத்தாள், இரும்புப் பிரஷ் எதுவும் வேண்டாம். சில த்ராட்டில் பாடிகளில் உள்ளே கறுப்பாக ஒரு பூச்சு கம்பெனியிலேயே இருக்கும், அதை அழுக்கு என்று நினைத்துச் சுரண்டிவிடுகிறார்கள். பெயின்ட் வைத்து அடையாளமிட்ட ஒரு ஸ்டாப் ஸ்க்ரூ கண்ணில் படும், அதையும் தொடாதீர்கள். அது ஐடில் ஸ்க்ரூ இல்லை, தகடு வாயில் போய் இறுகிக்கொள்ளாமல் தடுப்பதற்காக வைத்தது.

மாட்டிய பிறகு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், வீட்டில் ஒருவரை உட்காரவைத்து மிதியைத் தரை வரை அழுத்தச் சொல்லிவிட்டு நீங்கள் உள்ளே எட்டிப் பாருங்கள். தகடு காற்றுப் பாதைக்கு நேராகப் படுத்திருக்க வேண்டும். பழைய வண்டிகளில் கேபிள் நீண்டிருக்கும், அல்லது மிதிக்கு அடியில் தடிமனான மேட் கிடக்கும், தகடு முக்கால் வாசியில் நின்றுவிடும். உங்கள் பிக்அப் அங்கேயே ஒளிந்திருக்கலாம். கேபிள் நட்டைச் சரிசெய்தால் போதும், ஆனால் மிதியை விட்டதும் தகடு முழுதாகத் திரும்பி மூடுகிறதா என்பதைப் பார்த்த பிறகே வண்டியை எடுங்கள்.

இதற்குப் பிறகும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் தயங்கினால் அந்தப் பொசிஷன் சென்சாரைப் பாருங்கள். மல்டிமீட்டர் வைத்து மெதுவாகத் திறந்தால் வோல்டேஜ் அரை வோல்ட்டை ஒட்டி ஆரம்பித்து நாலு வோல்ட் பக்கம் வரை சீராக ஏற வேண்டும், நடுவில் சரிந்தால் உள்தடம் தேய்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள். பிளக், பெட்ரோல் ஃபில்டர், கிளட்ச் எல்லாம் பார்த்தாயிற்று என்றுதான் நம்புகிறேன்.

நீங்கள் சொல்வதுபோலச் சுத்தம் செய்தபின் ஐடில் 1500-க்குப் போய்விட்டது. எதையாவது கெடுத்துவிட்டேனா?
– வாசகர், திருநெல்வேலி

பெரும்பாலும் இல்லை. அழுக்கு கூடக்கூட ஈசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், அதற்கேற்ப ஐடில் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழகியிருக்கும். இப்போது வழி சுத்தமாகிவிட்டது, பழக்கம் மட்டும் மிச்சம். சில வண்டிகள் இரண்டொரு நாள் ஓட்டத்தில் தானே சரியாகும், சிலவற்றுக்கு ஸ்கேனர் மாட்டி ஐடிலைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கு முன் ஒன்று செய்யுங்கள்: எஞ்சின் ஓடும்போது காதை வைத்து 'உஸ்' சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டுக்குப் போகும் சின்ன ஹோஸ்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பிடியுங்கள். ஏதாவது ஒன்றைப் பிடித்ததும் ஆர்பிஎம் சட்டென்று இறங்கினால் கசிவு பெரும்பாலும் அந்த வழியில்தான். த்ராட்டில் பாடியையே கழற்றி, பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

என்னுடையது கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில். மிதிக்கும் அதன் சாக்கெட்டுக்கும் நடுவே ஒரு சின்னப் பெட்டியை மாட்டினால் ரெஸ்பான்ஸ் கூடுமாமே?
– வாசகர், கோயம்புத்தூர்

கூடுவதுபோலத் தெரியும். நீங்கள் 30 சதவீதம் மிதித்தால் அந்தப் பெட்டி 50 என்று ஈசியூவிடம் சொல்லும், அவ்வளவுதான் அதன் வேலை. குதிரைத்திறன் ஒன்றுகூட ஏறாது. நெடுஞ்சாலையில் சிலருக்குப் பிடிக்கிறது, ஆனால் மழையில், நெரிசலில், மேட்டில் ஊர்ந்து ஏறும்போது மிதியின் மேல் பகுதியில் நிதானமே இருக்காது. எனக்கு அது பிடிக்கவில்லை. காரில் ஏற்கெனவே ஸ்போர்ட் மோடு இருந்தால் அதுவும் பெரும்பாலும் இதே வேலையைச் செய்கிறது, காசு கொடுக்காமல் முதலில் அதைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இன்னொன்று, உங்கள் வண்டியைச் சுத்தம் செய்யும்போது சாவி ஆனில் இருக்கையில் விரலால் தகட்டைத் தள்ளவே கூடாது. உள்ளே மோட்டார் இருக்கிறது, விரலைக் கடித்துவிடும். வலிந்து தள்ளினால் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரங்களும் உடையும்.

இதற்கெல்லாம் ஆர்டிஓ ஒன்றும் சொல்லாதா?
– வாசகர், சேலம்

சுத்தம் செய்வதற்கு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மாற்றி அமைப்பது வேறு விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, உச்ச நீதிமன்றமும் 2019-இல் அதை உறுதி செய்தது. வாரண்டி உள்ள வண்டியென்றால் அதுவும் சிக்கலாகும். புகைச் சோதனையிலும் மாட்டலாம், பிஎஸ்-4 பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், கண்டபடி காற்று கசிந்து பெட்ரோல் கலவை குலைந்த எஞ்சின் சோதனையில் நிற்பது கஷ்டம்.

த்ராட்டில் பாடி வழியாகப் போகும் சுடுநீர்க் குழாயைத் துண்டித்தால் குளிர்ந்த காற்று போய்ப் பவர் கூடும் என்று நண்பன் துண்டித்துவிட்டான். விட்டுவிடலாமா?
– வாசகர், உதகை

விடாதீர்கள், அதுவும் உங்கள் ஊரில். ஈரக் குளிரில் பட்டர்ஃபிளையின் ஓரத்தில் பனி உறைந்து தகடு சிக்கிக்கொள்ளக் கூடாது என்றுதான் அந்தச் சுடுநீரை அங்கே சுற்ற விட்டிருக்கிறார்கள். நன்றாக மிதித்து ஓட்டும்போது காற்று அந்த வாயைக் கடக்க விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரமே எடுக்கும், அதற்குள் அது என்ன சூடாகிவிடப்போகிறது? எஞ்சின் ஆறியதும் குழாயைப் பழையபடி மாட்டி, கிளாம்ப்பைப் புதிதாகப் போட்டு, குறைந்த கூலன்டை நிரப்பி, உள்ளே சிக்கிய காற்று முழுதும் வெளியேறிய பிறகு மூடியை மூடுங்கள்.