கையாலையைப் பூசிவிட்டுத் தேனீயைத் தேடலாமா?

கேள்வி: கேரள எல்லையை ஒட்டிய பனச்சமூடு பக்கம் எங்களுக்கு 12 சென்ட் வீட்டு விளை. தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வரட்டும் என்று ஆன்லைனில் ‘காட்டுப்பூ விதைக் கலவை’ இரண்டு பொட்டலம் வாங்கினேன். களையை எல்லாம் மருந்தடித்துக் கருக்கிவிட்டு, இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையோடு விதைத்தேன். கால்வாசிதான் முளைத்தது, அதிலும் பெரும்பாலும் காஸ்மோஸ். பத்து மூடு கத்தரி நிற்கிறது. பூத்துப் பூத்துக் கொட்டுகிறது. போன வருஷம் வரை நன்றாகக் காய்த்த இடம். இந்த வருஷம் முற்றத்தில் இன்டர்லாக் பதித்து, எல்லை மண்சுவரான கையாலையையும் சிமென்ட் பூசினோம். நல்ல நாட்டுப்பூ விதை எங்கே வாங்கலாம், சார்? ஓணத்துக்கு அத்தப்பூவில் வைக்க ஒரு பிடி தும்பைகூடக் கிடைக்கவில்லை.

பதில்: சகோதரி, எங்கும் வாங்க வேண்டாம். நீங்கள் மருந்தடித்துக் கருக்கிய களையில் தும்பையும் இருந்திருக்கும். அதைக் கொன்றுவிட்டு, காசு கொடுத்துக் காஸ்மோஸ் விதைத்திருக்கிறீர்கள். பொட்டலத்தில் காட்டுப்பூ என்று போட்டிருந்தது பொய்யில்லை, மெக்சிகோ காட்டுப்பூ. காஸ்மோஸ், சினியா, கேந்தி (செண்டுமல்லி) மூன்றுக்கும் சொந்த ஊர் அந்தப் பக்கம்தான். முளைத்த காஸ்மோஸைப் பிடுங்க வேண்டியதில்லை, ஒற்றை அடுக்குப் பூவில் தேனீ உட்காரும். அடுக்கடுக்காக இதழ் வைத்த கலப்பினக் கேந்தியில் அதற்குக் கிடைப்பது குறைவு. மீதி விதை முளைக்காததற்குப் பெரிய காரணம் தேட வேண்டாம். நம்மூர் இடவப்பாதி கொட்டும் வேகத்தில் பொடி விதை ஒன்று ஓடையோடு போகும், இல்லாவிட்டால் சேற்றுக்குள் புதையும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி விதையைப் பற்றியது இல்லை. கையாலையைப் பூசினோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

கத்தரிப்பூவின் மகரந்தப் பை நுனியில் சின்னத் துளை மட்டும்தான் உண்டு. உப்புக்குப்பியைக் குலுக்குவது மாதிரி குலுக்கினால்தான் பொடி வெளியே வரும். தேன் பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு அந்த வித்தை தெரியாது. தெரிந்தவை நீலப்பட்டைத் தேனீயும் கருவண்டும். பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைக்கும். பக்கத்தில் நின்றால் அந்த ரீங்காரம் காதில் விழும். தக்காளிக்கும் இதே கதைதான். நீலப்பட்டைத் தேனீ கூட்டமாகக் கூடு கட்டாது. ஒவ்வொரு பெண் தேனீயும் மண்சுவரிலும் மண் திட்டிலும் தனக்கென்று பொந்து தோண்டி முட்டையிடும். உங்கள் கையாலையில் பென்சில் தடிமனில் ஓட்டைகள் இருந்திருக்குமே, அழகாக இல்லை என்று அடைத்தீர்களே, அதெல்லாம் வீடு. சிறுதேனீயும் பழைய சுவர் இடுக்கில்தான் குடியிருக்கும். கருவண்டுக்குக் காய்ந்த மரமும் மூங்கிலும் வேண்டும். மண், இடுக்கு, பட்டமரம் மூன்றையும் ஒழித்துவிட்டு ஆயிரம் பூ வைத்தாலும் விருந்தாளி எங்கே தங்குவார்? நானும் ஒரு காலத்தில் பின்சுவரைப் பூசிவிட்டு, கத்தரிக்கு உரம் போதவில்லை என்று இரண்டு வருஷம் உரமாகக் கொட்டியவன்தான்.

இன்டர்லாக் மோகத்தைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. ஒரு துளி சேறு மிதிக்கக் கூடாதென்று முற்றம் முழுவதும் கல் பாவுகிறோம். கல்லிடுக்கில் ஒரு புல் தலைகாட்டினால் அதற்கும் மருந்து. நீங்கள் அடித்தது எது என்று எழுதவில்லை. கிளைபோசேட் என்கிற களைக்கொல்லியாக இருந்தால், கேரளம் 2019-லேயே அதன் விற்பனையைத் தடுத்தது. பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்களைத் தவிர யாரும் அதைத் தெளிக்கக் கூடாது என்று மத்திய அரசும் 2022 அக்டோபரில் அறிவித்தது. வீட்டு விளைக்கென்று அதை எடுத்துக் கொடுத்த கடைக்காரரிடம் இனி மண்வெட்டிகூட வாங்காதீர்கள். பூ கொட்டுகிறது என்று அவரிடம் போய்ச் சொன்னால் ஒரு டானிக் சீசாவை நீட்டுவார். எல்லாப் பூ உதிர்வும் அவருக்கு ஒரே சீசாவில் அடங்கும் நோய்தான். கத்தரியில் சூல்தண்டு குட்டையான பூக்களும் வரும். அவை கொட்டத்தான் செய்யும், கவலை வேண்டாம். மற்ற பூக்களுக்கு, தேனீ திரும்பி வரும் வரை, வெயில் ஏறும் முன் காம்பை விரலால் நாலு சுண்டு சுண்டுங்கள். கத்தரி தன் மகரந்தத்திலேயே காய்க்கும். குலுக்கல்தான் அதற்குத் தேவை.

சரி, கையாலைக்கு வருவோம். மழைச்சாரல் அடிக்காத பக்கமாக இரண்டு முழம் பூச்சைக் கொத்தி எடுங்கள். அது முடியாதென்றால் உடைந்த பூந்தொட்டியில் செம்மண்ணும் மணலும் குழைத்து அடைத்து, ஈரம் காயும் முன் பென்சிலால் விரல் நீளத்துக்குத் துளை போட்டு, இறவாரத்தின் கீழ் படுக்க வையுங்கள். கெட்டியாக இருக்கட்டும் என்று சிமென்ட் கலந்துவிடாதீர்கள், தேனீயால் தோண்ட முடியாது.

விதை கால்வாய்க் கரையிலும் கோயில் புறம்போக்கிலும் சும்மா கிடைக்கும். தும்பையின் காய்ந்த பூக்கொத்தைக் கசக்கி, விதையை உலர்ந்த மணலோடு கலந்து, புரட்டாசிக் கடைசியில் மண்மேல் தூவினால் போதும், மூட வேண்டாம். காசித்தும்பை நம் நாட்டுச் செடி; காய் தொட்டால் தெறிக்கும், அதற்கு முன் பறித்துவிடுங்கள். கிலுகிலுப்பை விதைக்குத் தோல் கடினம், வெந்நீரில் ஒரு ராத்திரி ஊறட்டும். அந்தச் செடி வாடிக் காயும்போதும் வரி வண்ணத்துப்பூச்சிகள் மொய்த்து உறிஞ்சும், வேடிக்கையான காட்சி. ஆடு கட்டும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள், அதற்கு விஷம். தெற்றிக்கு (வெட்சி, இட்லிப்பூ), பழைய வீட்டு வேலியில் நிற்கும் உயரமான நாட்டுச் செடியிலிருந்து கம்பு வெட்டி நடுங்கள்.

மார்த்தாண்டம் பக்கம் பெட்டி வைப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். தையிலிருந்து பங்குனி வரை ரப்பர் தளிரின் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பே தேனீக்குப் போதும். மழைக்காலத்தில் பட்டினி, சர்க்கரைப் பாகு வைக்க வேண்டியிருக்கும். அந்தச் சமயத்தில் பூத்து நிற்கும் தும்பையைத்தான் நாம் களை என்கிறோம்.

இன்டர்லாக்கைப் பெயர்க்கச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், தெரியும். கிணற்றோரம் வெயில் படுகிற இடத்தில் நாலே நாலு கல்லை எடுத்துவிட்டு மண்ணை அப்படியே விடுங்கள். அங்கே எதையும் நட வேண்டாம்.